வெள்ளை அட்டை

இன்றைக்கு நூற்று முப்பத்தொன்பது வீடு,
செல்லூர் அறுபதடி ரோட்டிலிருந்து
கண்மாய்க் கரை வரைக்கும்.
மீட்டர் பெட்டி முன்னால் நிற்கையில்
எனக்கு முகம் தேவைப்படுவதில்லை.
பார்க்க வந்தவள் சிரித்தாளா என்று
எண்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகுதான் வீட்டுக்காரர் வருவார்.
"என்னம்மா, வெயிலா?" என்பார்.
வெயில்தான். அவர் தலையிலும் அடிக்கிறது.
தெரிந்ததை எதற்குக் கேட்கிறார் என்று
பதினோரு வருடம் யோசித்து
ஒரு பதிலைப் பழகி வைத்திருக்கிறேன்:
"மண்டையப் பொளக்குதுங்க."
சொல்லும்போது புருவம் ஏற வேண்டும்.
ஏற்றுவேன்,
நூற்று முப்பத்தொன்பது முறை.

சாயங்காலம் வந்து
விளக்கைப் போடாமல்
குளியலறைத் தரையில் உட்கார்ந்திருப்பேன்.
திமிர் என்பாள் நாத்தனார்.
எதிர்வீட்டில் சாமி குத்தம்.
கல்யாணத் தரகர் அந்தக் காலத்தில்
கூச்ச சுபாவம் என்று எழுதிக்கொண்டார்,
விலை குறையாமலிருக்க.
அடையாள அட்டையில் மட்டும் பாண்டிச்செல்வி.

முப்பத்தெட்டு வயதில், பெரியாஸ்பத்திரியில்,
மூன்றாவது தடவை போனபோது
ஒரு டாக்டர் நான் கேட்டுக்கொண்டபடி
பேனாவை அழுத்தி அழுத்தி விளையாடாமல்
முழுவதையும் கேட்டார்.
ஆட்டிசம் என்றார்.
அழுகை ஒன்றும் வரவில்லை.
பனகல் ரோட்டுக்கு வந்து
ஐஸ் இல்லாமல் ஒரு கரும்புச் சாறு குடித்தேன்.
பஸ்கள் எப்போதும்போல் ஹாரன் அடித்தன,
எப்போதும்போல் ஒவ்வொன்றும்
என் பல்லுக்குள் வந்துதான் நின்றது.
அன்றைக்குத்தான் முதல்முறையாக
ஹாரனைத் திட்டினேன்,
பல்லைத் திட்டாமல்.

உங்களுக்கும் சமீபத்தில் அந்தச் சொல்லோ
அதன் பக்கத்துவீட்டுச் சொல்லோ கிடைத்திருந்தால்,
யோசனை சொல்ல எனக்குத் தெரியாது.
நான் செய்வதை வேண்டுமானால் சொல்கிறேன்.

எழுதாத வெள்ளை அட்டை ஒன்றை
எனக்கே வைத்துக்கொண்டேன்.
மின் இணைப்பு எண் என்ற இடத்தில் என் பெயர்.
ராத்திரி படுக்குமுன் அளவு எழுதுவேன்,
இன்று எவ்வளவு போயிற்று என்று.
சித்தி மகளுக்குக் காதுகுத்து,
ஸ்பீக்கருக்குப் பக்கத்து நாற்காலி: 412.
ஆபீசில் கடைசி நிமிடம் மாற்றிய ரூட்: 190.
மழை பெய்து ஆளில்லாத சந்து: 6.
யாரும் பார்க்காத இடத்தில்
விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டு நின்றது,
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
சோலார் போட்ட வீடுகளுக்கு
ஏற்றுமதி என்று தனிக் கணக்கு உண்டு.
அதைப் போல ஓரமாக ஒரு கோடு கிழித்து எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தால்
நான் சோம்பேறியாக இருக்க வழியே இல்லை.
வெளியே சத்தம் கேட்காத ஏதோ ஒரு மோட்டார்
பகல் முழுக்க உள்ளே ஓடியிருக்கிறது.

போன மாதம் புருவத்தை நிறுத்திப் பார்த்தேன்.
பயந்துகொண்டு, பத்து வீட்டுக்கு மட்டும்.
எட்டுப் பேர் கவனிக்கவே இல்லை.
ஒருவர் காய்ச்சலா என்றார்.
பத்தாவது, விசைத்தறிக்குப் பக்கத்து வீடு.
மாடிப்படிக்கு அடியில் மீட்டர்,
மீட்டருக்கு அடியில் ஓர் ஆள்,
என் வயது இருக்கும், காதைப் பொத்திக்கொண்டு.
"அவரக் கண்டுக்காதீங்க" என்று
உள்ளேயிருந்து அண்ணி குரல்.
நான் குனிந்தேன்.
"போன தடவை பதினேழாயிரத்து இருநூத்தி நாலு"
என்றார் அவர், சுவரிடம்.
அட்டையில் அதுதான் இருந்தது.
"இப்ப பதினேழாயிரத்து எழுநூத்தி அறுபத்தொண்ணு"
என்றேன், நானும் சுவரிடம்.
"ஐந்நூத்தி அம்பத்தேழு."
"ஐந்நூத்தி அம்பத்தேழு."
வெயிலைப் பற்றி
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
அன்று ராத்திரி கோட்டுக்கு அந்தப் பக்கம்
ஒரு எண் எழுதினேன். என்ன எண் என்று சொல்லமாட்டேன்.

நாத்தனாரிடம் இன்னும் சொல்லவில்லை.
தீபாவளிக்கு முன் சொல்லலாம்,
வெடி தொடங்குவதற்குள்.
குளியலறையில் விளக்கு இன்னும் போடுவதில்லை,
ஆனால் ஒரு மணைப்பலகை வாங்கிப் போட்டிருக்கிறேன்.
ஈரம் ஏறாமல்
எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.